சம்பந்தி விட்டுப்போன பேஸ்பால் கார்டுகள்: கிரேடிங்குக்கு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா?

பழைய பேஸ்பால் கார்டு, அதாவது முன்னால் ஆட்டக்காரரின் படமும் பின்னால் அவர் விவரமும் அச்சிட்ட சின்ன அட்டை, கையில் கிடைத்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன விலைக்குப் போகும்?" அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். எந்த ஆண்டுக் கார்டு, அசலா, என்ன நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் விலை பேசினால் ஒன்று ஏமாறுவீர்கள், இல்லையென்றால் வீணாக ஆசைப்படுவீர்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன். காலண்டர், லேபிள், தீப்பெட்டி அட்டை, எல்லாம் அடித்திருக்கிறோம். பேஸ்பால் ஆட்டம் இன்றைக்கும் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். மகன் ஒஹையோவில் இருக்கிறான், மருமகள் கிளீவ்லண்டில் பிறந்து வளர்ந்தவள். சம்பந்தி காலமான பிறகு, அவர் பையனாக இருந்தபோது சேர்த்த கார்டுகளை ஷூ டப்பாக்களோடு கொண்டுவந்து, "மாமா, நீங்கள்தானே அச்சு தெரிந்தவர், பாருங்கள்" என்று வைத்துவிட்டாள். பார்க்க உட்கார்ந்தவன் அப்புறம் அதிலேயே ஊறிப்போனேன். இப்போது மகனின் நண்பர்களும் வீடு வாங்கியபோது பரணில் கிடைத்தது, மாமனார் கொடுத்தது என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆண்டும் எண்ணும்

பின்பக்கத்தில் ஆண்டைத் தேடுங்கள். நேரடியாக அச்சிட்டிருக்கவில்லை என்றால், ஆட்டக்காரரின் புள்ளிவிவரத்தில் கடைசியாக உள்ள ஆண்டுக்கு அடுத்ததுதான் பெரும்பாலும் கார்டின் ஆண்டு. 1980களின் கடைசியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வந்த கார்டுகள் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள், வாங்கியவர்களும் எதிர்காலச் சொத்து என்று நினைத்துப் பத்திரப்படுத்தினார்கள். பளபளவென்று இருப்பதாலேயே யாருக்கும் வேண்டாம். அப்பர் டெக் கம்பெனியின் 1989 கென் கிரிஃபி ஜூனியர் கார்டு மாதிரி சிலது உண்டு. அதுவும் நிபுணர்கள் போடும் மதிப்பெண்ணில், அதாவது கிரேடில், முழு 10 வந்தால்தான் பேச்சு.

நல்ல செய்தி அதற்கு முன்னால் இருக்கிறது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டோடு வந்த டி206, பபிள்கம் கம்பெனிகள் போட்ட 1933 கவுடி, 1948 முதல் 1955 வரை போமன், 1950களின் டாப்ஸ். இவற்றில் ஏதாவது கையில் இருந்தால் நிதானமாக உட்காருங்கள்.

ஆட்டக்காரர் பெயருக்கு அடுத்தபடி முக்கியம் கார்டின் எண். டாப்ஸ் நிறுவனம் அந்தக் காலத்தில் ஒரு வருஷத்துக் கார்டுகளை ஒரே தடவையில் வெளியிடாமல், சீசன் போகப் போகப் பகுதி பகுதியாகக் கடைக்கு அனுப்பும். கடைசிப் பகுதி வரும்போது பிள்ளைகளின் கவனம் அமெரிக்க ஃபுட்பால் பக்கம் போயிருக்கும், கடைக்காரர்கள் குறைவாகத்தான் வாங்குவார்கள். 1952 டாப்ஸில் 311 முதல் 407 வரையிலான கார்டுகள் இப்படித்தான் அரிதாயின. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியதாக அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியின் முதல் எண்தான் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேன்டில். அவருடைய முதல் கார்டு உண்மையில் 1951 போமன் 253ஆம் எண். ஆனாலும் பணம் டாப்ஸ் 311க்குத்தான். அதில் ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. சந்தைக்கு நியாயம் எல்லாம் தெரியாது.

எல்லா வருஷத்திலும் கடைசிப் பகுதிதான் அரிது என்று நினைத்துவிட வேண்டாம். 1957 டாப்ஸில் கிடைப்பது கஷ்டமானவை 265 முதல் 352 வரை, அதாவது நடுவில். சம்பந்தியின் டப்பாவில் இருந்த புரூக்ஸ் ராபின்சன், எண் 328, அந்தப் பகுதிதான். அது அவருடைய முதல் கார்டும்கூட. பெயர் தெரியாத ஆட்டக்காரர்கூட அந்த எண்களுக்குள் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

டி206 கையில் வந்தால் முன்பக்கத்தை ரசித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். பின்னால் சிகரெட் பிராண்டின் விளம்பரம் இருக்கும். பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் என்றால் சாதாரணம். டிரம், உசிட், லெனாக்ஸ், பிராட் லீஃப் என்றால் நிமிர்ந்து உட்காரலாம், முன்னால் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி. டை காப் என்ற பெரிய ஆட்டக்காரரின் படமும் பின்னால் அவர் பெயரிலேயே வந்த புகையிலை விளம்பரமும் சேர்ந்த கார்டு மிக மிக அரிது. 2016இல் அமெரிக்காவின் தென் பகுதியில் ஒரு குடும்பம் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, குப்பைக்குப் போகவிருந்த காகிதப் பையில் ஏழு கிடைத்தன. பையைக் கவிழ்த்துப் பார்த்ததால் தப்பித்தார்கள்.

அசலா என்று பார்ப்பது

இது என் பேட்டை. அச்சகத்தில் பயன்படுத்தும் லென்ஸ், பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. கார்டின் படத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். ஆட்டக்காரர் பெயர், ஊர்ப்பெயர், கறுப்புக் கோடு. அசலில் இவை ஒரே மையில் திண்ணென்று அடித்திருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். பின்னாளில் கார்டைப் படமெடுத்து மறுபடி அச்சிட்ட நகலில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து பல வண்ணப் புள்ளிகளாக உடைந்திருக்கும். டி206இல் கீழே உள்ள பழுப்பு எழுத்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

அடுத்தது அளவு. 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டு சுமார் 66.7 மி.மீ. அகலம், 95 மி.மீ. உயரம். 1957இல்தான் இன்றைய அளவான 63.5க்கு 89 மி.மீ. வந்தது. டி206 இன்னும் சிறியது, சுமார் 36.5க்கு 66.7. டாப்ஸ் நிறுவனமே 1983இல் தன் 1952 கார்டுகளை மறுபதிப்புச் செய்தது. அது இன்றைய சிறிய அளவில் இருக்கும், மறுபதிப்பு என்று பின்பக்கத்தில் எழுதியும் இருக்கும். அந்த மேன்டிலைக் கொண்டுவந்து கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புற ஊதா விளக்கு ஒன்றும் உதவும். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம்தான் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்த விளக்கில் அது நீலமாக ஒளிரும். 1910இன் கார்டு என்று சொல்லப்படுவது இருட்டறையில் டியூப்லைட் மாதிரி ஒளிர்ந்தால், அது 1910இல் பிறந்ததில்லை.

நகலைவிடச் சிரமம், அசல் கார்டையே ஓரம் வெட்டி மூலையைக் கூர்மையாக்கிய வேலை. தேய்ந்த மூலையை அரை மி.மீ. சீவிவிட்டால் கார்டு புதிதாகத் தெரியும். அதே வரிசையின் சாதாரணக் கார்டுகள் நாலைந்தோடு சேர்த்து அடுக்கி, விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். சீவியது உள்ளே தள்ளி நிற்கும். வெட்டுமுகத்தின் நிறமும் மாறும். பழைய விளிம்பு அழுக்கேறி மங்கியிருக்கும், புது வெட்டு வெளுப்பாக, வழவழப்பாக இருக்கும். அச்சகத்தில் கட்டிங் மிஷின் கத்தி புதிதா மழுங்கியதா என்று விளிம்பைத் தடவியே சொல்லிவிடுவோம், இங்கேயும் அதேதான். பெரிய இடங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. கார்டுகளைச் சோதித்து மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991இல் தொடங்கியபோது முதன்முதலாக கிரேடு செய்த கார்டு, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி ஒருகாலத்தில் வைத்திருந்த, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் டி206 கார்டு. 8 கிரேடு கொடுத்தார்கள். அதைத் தானே ஓரம் வெட்டியதாக, கார்டுகளை ஏலம்விட்டு வந்த பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார்.

நிலை, அப்புறம் செய்யக்கூடாதவை

மேஜை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கார்டின் பக்கத்தில் தாழ்வாகச் சாய்த்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மெல்லிய சுருக்கம் அப்போது கோடாகத் தெரியும். மூலைகள் நான்கும் ஊசியாக இருந்தாலும் அந்த ஒரு சுருக்கம் கிரேடைப் பாதியாக்கிவிடும். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் இடமும் வலமும், மேலும் கீழும் சமமா என்று பாருங்கள். பெரிய தாளாக அடித்து வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகர்ந்தால் ஓரம் ஏறுக்குமாறாகும். அது கார்டு வைத்திருந்தவர் தப்பில்லை, ஆனாலும் மதிப்பெண் குறையும். பின்பக்கத்தில் பபிள்கம் கறை, பென்சில் எழுத்து, ஆல்பத்திலிருந்து பிய்த்த இடத்தில் காகிதம் உரிந்த தடம், இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்துக்கொண்டு சும்மா இருங்கள். துடைக்காதீர்கள், ரப்பரால் அழிக்காதீர்கள், புத்தகத்துக்கடியில் வைத்து அழுத்தாதீர்கள், மூலையில் நிறம் தீட்டாதீர்கள். லேமினேஷன் என்ற வார்த்தையே வேண்டாம். பழைய ஆல்பத்தில் ஒட்டிய டி206ஐக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து எடுப்பதைச் சேகரிப்பவர்களில் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள், ரசாயனம் பட்டால் ஏற்பதில்லை. அதைக்கூட முதன்முதலில் விலையுள்ள கார்டில் செய்து பார்க்க வேண்டாம். நான்கு மூலையும் திருகாணி போட்டு இறுக்கும் பழைய பிளாஸ்டிக் பெட்டியில் கார்டு இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அழுத்தத்தில் அட்டை நசுங்கும்.

கிரேடிங்குக்கு எதை அனுப்புவது

கிரேடிங் என்பது கார்டை நிபுணர்களிடம் அனுப்பி, அசல்தான் என்று உறுதிசெய்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிட்டு வாங்குவது. நகைக்கு ஹால்மார்க் மாதிரி. வாங்குகிறவர் உங்களை நம்ப வேண்டியதில்லை, முத்திரையை நம்பினால் போதும். இதற்குப் பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் என்று சில நிறுவனங்கள் இருக்கின்றன. பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமே 2024இல் எஸ்.ஜி.சி.யையும் வாங்கிவிட்டது. விற்கும்போது பொதுவாகப் பி.எஸ்.ஏ. உறைக்கு விலை கொஞ்சம் கூடுதல். போருக்கு முந்தைய கார்டுகளுக்கு எஸ்.ஜி.சி.யின் கறுப்பு உறைக்கும் நல்ல மதிப்பு உண்டு, மேலே சொன்ன மேன்டில் விற்றதே அந்த உறையில்தான்.

கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும். நீங்கள் சொன்ன மதிப்பைவிடக் கார்டு அதிகம் பெறும் என்று தெரிந்தால் மேல் கட்டணமும் கேட்பார்கள். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். ஒரு கார்டு அப்படியே விற்றால் 40 டாலர், 4 கிரேடு வந்தால் 60 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம், போக வர தபால், காப்பீடு சேர்த்து 35 டாலர் ஆகிறது என்றால், கையில் மிஞ்சுவது 25. அனுப்பாமலே விற்றிருக்கலாம். டப்பாவில் பெரும்பாலான கார்டுகள் இந்த வகைதான்.

கணக்குப் போடும்போது கிரேடை ஒன்று, இரண்டு படி குறைத்தே எடுங்கள். பாட்டி கண்ணுக்குப் பேரன் அழகன் என்கிற மாதிரி, சொந்தக் கார்டுக்கு எல்லாரும் 7 போடுவார்கள். வந்து சேர்வது 4. அந்த 4இலும் செலவு கட்டுப்படியாகிறதா என்பதே கேள்வி.

பழைய கார்டில் புதியவர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. புதிய கார்டுகளில் 10 வராவிட்டால் அனுப்பியது வீண். பழையதில் அப்படி இல்லை, பெரிய ஆட்டக்காரரின் கார்டு 1 கிரேடு வந்தாலும் அனுப்புவது லாபம். காரணம், அங்கே உறை விற்பது மதிப்பெண்ணை அல்ல, அசல் என்ற உறுதியை. சம்பந்தியின் 1955 ராபர்ட்டோ கிளெமென்டே, எண் 164, நடுவில் மடிப்பு. யாரோ தெரியாத ஆள் ஆன்லைனில் அதை உறையில்லாமல் விற்றால், நகலோ வெட்டியதோ என்று பயந்தே பாதி விலை கேட்பார்கள். அதனால் தயங்காமல் அனுப்பினோம். மேன்டில், மேஸ், ஏரன், கோஃபாக்ஸ், ஜாக்கி ராபின்சன், பேப் ரூத், டை காப், இவர்கள் எந்த நிலையில் இருந்தாலும் இதே பதில்தான். புரூக்ஸ் ராபின்சனும் அவர்களோடு போனார். சாதாரண ஆட்டக்காரர்கள் என்றால் அபூர்வமாக நல்ல நிலையில், ஓரம் சமமாக இருந்தால் மட்டும்.

அனுப்பும்போது மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரைக்கெட்டியான கார்டு ஹோல்டரில் நுழையுங்கள். டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை வேண்டாம், எடுக்கும்போது மூலை அடிபடும். முன்னும் பின்னும் நல்ல படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் மிகவும் சாய்ந்த கார்டுக்குப் பி.எஸ்.ஏ. மதிப்பெண்ணோடு ஒரு குறைக் குறியீடும் சேர்த்துப் போடும். குறியீடு வேண்டாம், மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்கலாம். நான் குறைத்துக்கொள்ளச் சொல்வேன், குறியீடு உள்ள கார்டை வாங்குபவர்கள் பேரம் பேச அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

வைத்துக்கொள்வது

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்க வேண்டும், "விலை ஏறும்" என்பது நல்ல காரணம் இல்லை. 2020இலும் 2021 தொடக்கத்திலும் விலை வெறிபிடித்து ஏறியது. குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. 2021 மார்ச் கடைசியில் குறைந்த கட்டணச் சேவைகளையே நிறுத்தி வைத்தது. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் பலர் பிறகு நஷ்டம் பார்த்தார்கள்.

மருமகள் வைத்துக்கொண்டது 1957 ராக்கி கொலவிட்டோ, எண் 212. நடுவில் குண்டூசி ஓட்டை, சம்பந்தி அதைத் தன் படுக்கைக்கு மேல் சுவரில் குத்தி வைத்திருந்தாராம். 1960 ஏப்ரலில் கிளீவ்லண்ட் அணி கொலவிட்டோவை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ஹார்வி குவென்னை வாங்கியது. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் ஆயுசுக்கும் தீரவில்லை, சம்பந்தி என்னிடமே இரண்டு கல்யாண வீட்டில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அதை கிரேடிங்குக்கு அனுப்பாதே என்றேன். விற்காத கார்டுக்கு மதிப்பெண் எதற்கு? அமிலமில்லாத பிளாஸ்டிக் உறை, வெயில் படாத இடம் போதும். பரணும் வேண்டாம், நிலவறையும் வேண்டாம். ஒன்றில் வெப்பம், இன்னொன்றில் ஈரம். விலையுள்ளதை வைத்துக்கொள்வதாக இருந்தால், வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருள்களுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சொற்பமாக இருக்கும்.

விற்பது

விலையைப் பார்க்க வேண்டிய இடம் விற்று முடிந்தவற்றின் பட்டியல், கேட்கும் விலை அல்ல. ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டினால் தெரியும். அதே கார்டு, அதே கிரேடு, கடந்த சில மாதங்களுக்குள் விற்றது. ஒன்று மட்டும் அதிகமாக விற்றிருந்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

உள்ளூர்க் கடைக்காரரிடம் கொடுத்தால் பணம் உடனே வரும், ஆனால் சந்தை விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். அவர் அதை விற்றுப் பிழைக்க வேண்டும், அது கொள்ளை இல்லை. சாதாரணக் கார்டுகளை மொத்தமாகத் தள்ள அதுவே சரியான வழி. நடுத்தர விலைக்கு ஈபே, கமிஷன் சுமார் 13 சதவீதம். பெரிய கார்டு என்றால் டாலஸின் ஹெரிடேஜ், நியூ ஜெர்சியின் ராபர்ட் எட்வர்ட் மாதிரி ஏல நிறுவனங்கள். அவர்கள் வாங்குபவரிடமும் தனியாக ஒரு பிரீமியம் வாங்குவதால், விற்பவருக்கான கமிஷனைப் பேசிக் குறைக்கலாம். பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிறைய இருந்தால் ஒரே நேரத்தில் கொட்டாதீர்கள். 2012இல் ஒஹையோவின் டிஃபையன்ஸ் ஊரில் ஒரு தாத்தாவின் பரணில் சுமார் 700 கார்டுகள் கிடைத்தன, 1910ஐ ஒட்டியவை, தொடாமல் வைத்த மாதிரி நிலை. பேரப்பிள்ளைகள் இருபது பேருக்குப் பங்கு. அவர்கள் முதல் ஏலத்தில் 37 கார்டுகளை மட்டும் விட்டு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் பார்த்தார்கள். மற்றதைப் பிற்பாடு பகுதி பகுதியாக விற்றார்கள். அவ்வளவையும் ஒரே நாளில் இறக்கியிருந்தால், அரிது என்ற பேச்சே அடிபட்டிருக்கும். பங்கு போடும் குடும்பங்களுக்கு இன்னொன்று: கார்டைப் பிரித்துக்கொள்வதைவிட விற்ற பணத்தைப் பிரிப்பது சண்டை குறைவு.

வரியைப் பற்றி அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு, கூட்டாட்சி வரி அதிகபட்சம் 28 சதவீதம் வரை போகலாம். பங்குச் சந்தை லாபத்துக்குரிய விகிதம் இதற்கு இல்லை. ஆனால் இறந்தவரிடமிருந்து வந்த கார்டு என்றால், அவர் இறந்த நாளில் என்ன மதிப்போ அதுவே உங்கள் அடக்க விலை, அதற்கு மேல் கிடைத்ததற்குத்தான் வரி. அதே கார்டை அவர் உயிரோடு இருக்கும்போது பரிசாகக் கொடுத்திருந்தால், அவர் கடையில் சில்லறை கொடுத்து வாங்கிய விலைதான் உங்கள் அடக்க விலை. வயதானவர் அன்பாக இப்போதே எழுதிக் கொடுக்கிறேன் என்றால், முதலில் கணக்காளரிடம் கேளுங்கள். இறந்த நாளை ஒட்டி அதே மாதிரிக் கார்டுகள் விற்ற விலைகளை ஈபே பக்கத்திலிருந்து அப்போதே அச்செடுத்து, தேதியோடு கோப்பில் போட்டுவிடுங்கள். பழைய விற்பனை விவரங்கள் சில மாதங்களில் அங்கிருந்து போய்விடும்.